பயப்பட வேண்டாம், துணை வருகிறது

ஏழாம் கொட்டகையில் மூன்று வாரமாக யாரும் பயப்படவில்லை. அதைத் திரையில் பார்த்தபோதுதான் சுகிர்தாவுக்குப் பயம் தட்டியது.

மற்ற கொட்டகைகளில் பெண்கள் வழக்கம்போலப் பயந்துகொண்டுதான் இருந்தார்கள். சாயங்காலமானால் நான்காம் கொட்டகையில் சிவப்புப் புள்ளிகள் முளைக்கும்; முகாமுக்குள் சாராயம் எந்த வழியாக வருகிறதோ, குடித்துவிட்டுப் புருஷன்மார் திரும்பும் நேரம் அது. குளியலறைப் பக்கம் விளக்கு எரியாத மூலையில் ஒன்றிரண்டு தோன்றி மறையும். அந்தப் புள்ளிகளைப் பார்த்து விளக்குப் போடச் சொல்வது, தாழ்ப்பாள் மாற்றச் சொல்வது, அடி வாங்கியவளை உட்கார வைத்துப் பேசுவது, இதெல்லாம் சுகிர்தாவின் வேலை. பெண்கள் பாதுகாப்பு அலுவலர் என்று பெயர்ப்பலகைகூட இருந்தது. வேலைக்கு வந்து இன்னும் நாற்காலி சூடாகவில்லை.

கடல் உள்ளே வந்து கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போன பிறகு, பிழைத்தவர்களை மூடிக்கிடந்த சர்க்கரை ஆலையில் தங்க வைத்திருந்தார்கள். கரும்பு வண்டிகள் நின்ற முற்றத்தில் இப்போது துணி காய்ந்தது. மூட்டை அடுக்கிய கிடங்குகள்தான் கொட்டகைகள். நிவாரணத்துக்கு வந்த அமைப்பு அரிசி, பாய், கொசுவலையோடு நிறுத்திக்கொள்ளாமல், பெண்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வளையை மாட்டிவிட்டது. துணைவளை.

பார்க்க ரப்பர் வளையல் மாதிரி இருக்கும். நாடி, வியர்வை, விரல் நடுக்கம் இவற்றை வைத்து, போட்டிருப்பவள் பயப்படுகிறாளா என்று அதுவே கண்டுபிடித்துவிடும். பட்டன் அழுத்த வேண்டாம், கத்த வேண்டாம். கழுத்தில் கை வைத்திருப்பவன் முன்னால் எந்தப் பெண்ணால் பட்டனைத் தேட முடியும்? நல்ல யோசனைதான். பயிற்சிக் கூட்டத்தில் சுகிர்தாவும் கைதட்டினாள். வளை சிவந்ததும் மிக அருகில் இருக்கும் துணைவரின், அதாவது உதவிக்கென்று அமைப்பு வைத்திருக்கும் ஆளின், கைபேசிக்குச் செய்தி போகும். போட்டிருப்பவளுக்கு வளையிலேயே எழுத்து ஓடும்: பயப்பட வேண்டாம், துணை வருகிறது. கீழே வருபவரின் பெயர். படபடப்பு சீக்கிரம் அடங்கிவிட்டால் அழைப்பும் தானாக அடங்கிவிடும்.

"ஏழாம் கொட்டகையில ஒரு அலாரம்கூட இல்ல மேடம்" என்றாள் சுகிர்தா.

திரையில் நளினாட்சி மேடம் முகம் மலர்ந்தது. திட்டத்தின் தலைவி அவர். சென்னையில் இருந்தபடியே எல்லா முகாம்களையும் பார்ப்பவர். "சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? பணம் கொடுக்கிறவங்க அடுத்த வாரம் வர்றாங்க. அந்தக் கொட்டகையைத்தான் காட்டப் போறோம்."

"அங்க இருக்கிறது எல்லாம் தனிப் பொம்பளைங்க மேடம். புருஷனையும் பிள்ளையையும் கடலுக்குக் குடுத்தவங்க. பாதிப் பேருக்கு மழைச் சத்தம் கேட்டாலே தூக்கம் போயிடும். மூணு வாரமா ஒருத்திக்கும் ஒரு கெட்ட கனவுகூடவா வராது?"

"ஜெகதீசன் அந்தக் கொட்டகைக்குப் பக்கத்துலயே டூட்டி ரூம் போட்டுக்கிட்டு கண்ணும் கருத்துமா பாத்துக்கிறான். நம்ம ஆளுங்கள்ல அவன் மாதிரி வேகமா போய்ச் சேர்றவன் யாரு? போன மாசம் அவனுக்குத்தான் விருது குடுத்தோம். பெண் துணைவர்கள் கிடைக்கிற வரைக்கும் அவன மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்."

சுகிர்தா ஒரு காலத்தில் நர்ஸ். பச்சை, சிவப்புப் புள்ளிகளை நம்பி உட்கார்ந்திருக்க அவளால் முடியவில்லை. புள்ளிகளுக்கு அடியில் இருக்கும் நாடிக் கோடுகளைத் திறந்து பார்த்திருந்தாள். "மேடம், அங்க பன்னிரண்டு பேரோட நாடியும் ஒண்ணாவே துடிக்குது."

"ஒண்ணா சாப்பிடுறாங்க, ஒண்ணா தூங்குறாங்க. அப்படித்தான் இருக்கும்."

"துடிப்புக்குத் துடிப்பு ஒண்ணா இருக்கு மேடம். பன்னிரண்டு பேருக்கும் ஒரே இதயம் இருக்கிற மாதிரி."

"மெஷின் கோளாறு. ஜெகதீசன்கிட்ட சொல்லு, அவன் போய்ப் பாத்துடுவான்."

சரி என்று சொல்லிவிட்டாளே ஒழிய சுகிர்தா அவனிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டிருந்தால் பதில் தெரியாது. ஜெகதீசனைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. அதிர்ந்து பேசமாட்டான். சட்டைப் பையில் குழந்தைகளுக்கென்று தேங்காய் பர்பி வைத்திருப்பான். முகாமில் கிழவர்கள்கூட அவனை ஜெகன் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவள் மேசையின் கீழறையில் ஒரு டிபன் கேரியர் இருந்தது. அவளுக்கு முன்பு இந்த நாற்காலியில் இருந்த கிளாராவுடையது. ஒருநாள் மத்தியானம் ஏழாம் கொட்டகைக்குப் போனவள் திரும்பிவந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் பஸ் ஏறிவிட்டாளாம். போன் செய்தால் எடுப்பதில்லை. சம்பாதித்த சம்பளத்தையும் கேட்கவில்லை, கேரியரையும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் அரிசி லாரி வந்திருந்தது. முகாமே வாசலில் வரிசையில் நின்றது. ஏழாம் கொட்டகையின் முறை கடைசி என்பதால் அந்தப் பெண்கள் மட்டும் உள்ளேயே இருந்தார்கள். ஆலையின் கோடியில், புகைபோக்கிக்கும் பின்னால் இருந்தது அந்தக் கிடங்கு. வாசலின் ஒலிபெருக்கிச் சத்தம் அங்கே கொசு ரீங்காரம் மாதிரிதான் கேட்டது. பட்டப்பகலில் இத்தனை அமைதி சுகிர்தாவுக்குப் பிடிக்கவில்லை.

இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பழைய வெல்லப்பாகின் புளித்த வாசனை. பாய்களில் உட்கார்ந்திருந்த பெண்கள் அவளைப் பார்த்ததும் ஒரே சமயத்தில் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள். வரவேற்பு என்றால் இப்படியும் ஒரு வரவேற்பு.

நடுவில் ஒருத்தி மட்டும் கையை மறைக்காமல் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் முழுக்கை வைத்த ஆண்பிள்ளைச் சட்டை. அந்தப் புழுக்கத்திலும் மணிக்கட்டுப் பட்டன் போட்டிருந்தது. மாரிக்கண்ணு. ஊரில் மீன் விற்றவள்.

"உக்காரும்மா" என்றாள் நிமிராமல். "வெங்காயம் கண்ணைக் கரிக்கும், தள்ளி உக்காரு."

சுகிர்தா உட்கார்ந்தாள். சுற்றி வளைக்கத் தெரியவில்லை அவளுக்கு. "அக்கா, உங்க சட்டைக் கையைக் கொஞ்சம் மடிக்கிறீங்களா?"

கத்தி நின்றது. அப்போது அருகிலிருந்த இளம்பெண் எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். சத்யகலா என்று பெயர். பள்ளிக்கூடம் முடித்த கையோடு ஊரை இழந்தவள். "யாரும் இல்ல" என்றாள்.

மாரிக்கண்ணு இரண்டு கைப் பட்டன்களையும் கழற்றிச் சட்டையை மேலே தள்ளினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வளைகள். இந்தக் கையில் ஆறு, அந்தக் கையில் ஆறு. எல்லாம் பச்சையாக, சாதுவாக மினுங்கின.

சுகிர்தா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஆறுதலாக இருக்கவேண்டிய அந்தப் பச்சை அவளுக்குக் குலை நடுக்கத்தைக் கொடுத்தது. "ஏன்க்கா? இது உங்களுக்கு உதவி வரத்தானே?"

"உதவி வருது" என்றாள் சத்யகலா. "நல்லாவே வருது. கீழ யாரு பேரு வருதுன்னு பாத்தீங்களா அக்கா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மொதல்ல ஒரு கனவு கண்டுதான் பயந்தேன். தண்ணி வர்ற கனவு. வளை செவந்துச்சு, அவன் வந்தான். பயந்தவங்ககிட்ட தனியா பேசணும், அதான் விதின்னு அமைதி அறைக்குக் கூட்டிட்டுப் போனான்."

ஒவ்வொரு கொட்டகையின் ஓரத்திலும் ஓர் அமைதி அறை உண்டு. நடந்ததைப் பெண்கள் கூச்சமில்லாமல் சொல்லட்டும் என்று, கேமரா இல்லாமல், வெளியே சத்தம் கேட்காமல், உள்பக்கம் தாழ்ப்பாளோடு கட்டியது. உள்ளே போனதும் வளையின் அழைப்பு நின்றுவிடும், துணை கிடைத்தாயிற்று என்று. ரகசியம் காக்கவேண்டுமே! அதைக் கட்டியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் சுகிர்தாவை இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது.

"மறுநாள் அவன் வந்துடுவானோன்னு பயந்தேன்" என்றாள் சத்யகலா. "அதுக்கும் வளை செவந்துச்சு. அதுக்கும் அவன்தான் வந்தான். பயந்தா வருவான்னு தெரிஞ்சதும் இன்னும் பயம் வருது. பயப்படாம இருக்க எம்புட்டு முயற்சி பண்ணினாலும் நெஞ்சு கேக்கல அக்கா."

"நீ மட்டும்தானா?"

சத்யகலா திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். சுற்றியிருந்த பெண்களில் ஒருத்தியும் தலை நிமிரவில்லை. அதுவே பதில்.

"கழட்டி எறியலாமேன்னு கேப்பே" என்றாள் மாரிக்கண்ணு. "கழட்டினா கழண்டுபோச்சுன்னு சேதி போவுது, அதைப் பாக்கவும் அவன்தான் வாரான். உசிரு ஓடுற கையில கெடந்தாத்தான் அது சும்மா கெடக்கும். புது வீடு யாருக்குன்னு சொல்றதும் அவன்தான், யாரு தண்ணி நிக்கிற கொட்டகைக்குப் போகணும்னு சொல்றதும் அவன்தான். உனக்கு முன்னாடி இருந்த பொண்ணுகிட்ட சொன்னோம். அது இங்கேயே நின்னு பதறுச்சு. பதறினா என்ன ஆகும்? அது கையிலயும் வளை இருந்துச்சே."

கிளாராவின் கேரியர் சுகிர்தாவின் கண்முன் வந்து நின்றது.

"அதுக்கப்புறம்தான் எல்லாருதையும் நான் வாங்கிப் போட்டுக்கிட்டேன். எனக்குப் பயம் வர்றதில்ல. கடல் வந்த அன்னைக்கோட அது போயிடுச்சு. உள்ள பூட்டிட்டேன். பயப்படறதுக்கு எங்கிட்ட யாரு மிச்சம்?" சொல்லிவிட்டு மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.

"அக்கா, இது ஆபத்து" என்றாள் சுகிர்தா. "ஒரு கொட்டகையில பத்து வளைக்கு மேல ஒரே நேரத்துல அடிச்சா மெஷின் அதைத் தனி ஆள் பயம்னு எடுத்துக்காது. தீ, இல்லன்னா தண்ணின்னு எடுத்துக்கும். சங்கு ஊதி, கதவெல்லாம் தானா தொறந்து, போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிடும். போன மாசம் மூணாம் கொட்டகையில அடுப்புப் புகையைப் பாத்து எல்லாரும் அலறினப்போ நடந்துச்சே. நீங்க ஒருத்தங்க பயந்தாப் போதும், ஊரே கூடிடும். உங்க ரகசியம் வெளிய வந்துடும்."

"நான் எங்கேருந்து பயப்படப் போறேன்" என்றாள் மாரிக்கண்ணு.

அப்போதுதான் சத்யகலா சுகிர்தாவின் கையைப் பார்த்தாள். பார்த்தவள் பின்னால் நகர்ந்தாள். "அக்கா, உங்க வளை."

அலுவலர்களுக்கும் வளை உண்டு. சுகிர்தாவின் மணிக்கட்டில் அது சிவந்திருந்தது. எழுத்து நிதானமாக ஓடியது. பயப்பட வேண்டாம், துணை வருகிறது. ஜெகதீசன்.

"கழட்டு, குடு இங்க" என்று மாரிக்கண்ணு கையை நீட்டினாள். சுகிர்தா கொக்கியைப் பிடித்தாள். வியர்வையில் விரல் வழுக்கியது. பயப்படாதே, பயப்படாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எத்தனையோ நோயாளிகளிடம், மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள் என்று சொன்னவள்தான். இழுத்தாள். அந்த மூச்சு பாதியில் உடைந்தது. அவள் பயப்படுவது அவனுக்குத் தெரிகிறது, அவன் வருவது அவளுக்குத் தெரிகிறது, தெரியத் தெரிய இதயம் இன்னும் ஓங்கி அடிக்கிறது. இந்தப் பெண்கள் தினம் தினம் இதற்குள்ளேயா இருந்தார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

கொக்கி கழன்றபோது வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமே இல்லாத சத்தம்.

ஜெகதீசன் உள்ளே வந்தான். இரும்புக் கதவை முதுகுக்குப் பின்னால் இழுத்து மூடினான். "என்ன மேடம், உங்களுக்கே அலாரமா?" என்று சிரித்தான். "பதறி ஓடி வந்தேன்." அவன் முகத்தில் ஒரு சொட்டு வியர்வை இல்லை.

"ஒண்ணுமில்ல. தவறுதலா அடிச்சிடுச்சு" என்றாள் சுகிர்தா.

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க. நீங்கதானே மேடம் சொல்லிக் குடுப்பீங்க, பயந்தவங்க ஒண்ணுமில்லன்னு சொன்னா நம்பாதீங்கன்னு?" அவன் கண் மாரிக்கண்ணுவின் கைகளில் நின்றது. அவள் சட்டையை இறக்கிவிட்டிருந்தாள். ஆனாலும் துணி மேடு மேடாகப் புடைத்திருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது சுகிர்தாவுக்குப் புரிந்தது. அவன் கோபப்படவில்லை. இன்னும் மெதுவாகப் பேசினான். "சரி, அதை அப்புறம் பாத்துக்கலாம். இப்ப நீங்க வாங்க. அமைதி அறையில உக்காந்து பேசுவோம். விதி."

"நான் வரல."

"நீங்க வரலைன்னா வேற யாராவது வரணுமே. சத்யா, நீ வர்றியா?"

சத்யகலா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். சுகிர்தா எழுந்தாள். எழுந்தது தைரியத்தால் அல்ல. அந்தப் பெண்ணை இன்னொரு முறை அவனோடு அனுப்ப முடியாது, அவ்வளவுதான். அவன் அவள் முழங்கையைப் பிடித்தான். பிடியில் ஒரு மரியாதைகூட இருந்தது, வயதானவர்களைப் படியேற்றிவிடுவது போல. அமைதி அறையின் கதவில் பூ ஒட்டியிருந்தார்கள். கத்தினாலும் வாசலுக்குக் கேட்காது.

"எம்மவனுக்கு ஏழு வயசு" என்றது ஒரு குரல்.

ஜெகதீசன் திரும்பினான். மாரிக்கண்ணு கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். கண்ணை மூடியிருந்தாள்.

"கரண்டு இல்ல. நான் மாதாகோயில் சுவத்து மேல. அவன் எங்கேயோ அந்தாண்ட தென்னமரத்துல. கண்ணுக்குத் தெரியல. கொரல் மட்டும் கேக்குது. அம்மா, தண்ணி கழுத்துக்கு வந்துடுச்சுங்குறான்."

"இது இப்ப எதுக்கு?" என்றான் ஜெகதீசன்.

அவள் நிறுத்தவில்லை. குரல் அடியிலிருந்து கிளம்பி வந்தது. "பயப்படாத சாமி, அம்மா வந்துக்கிட்டே இருக்கேன்னு கத்துனேன். மறுபடி கூப்புடுறான். வந்துக்கிட்டே இருக்கேன்டாங்குறேன். நான் போகல. சுவத்த விட்டா செத்துருவேன். கை வரல எனக்கு. எத்தினி தடவ கூப்புட்டான், எத்தினி தடவ வர்றேன்னு சொன்னேன்..."

அவள் கைகள் ஆடத் தொடங்கின. முதலில் விரல்கள், பிறகு தோள், பிறகு உடம்பு முழுவதும். சட்டைத் துணிக்குள்ளிருந்து சிவப்பு கசிந்தது. மணிக்கட்டில் ஒன்று, அதற்கு மேல் ஒன்று, முழங்கைவரை. பூட்டிவைத்த கதவைத் தன் கையாலேயே திறந்துவிட்டாள் அவள். உள்ளே இருந்த தண்ணீர் மொத்தமும் வெளியே வந்தது. மாரிக்கண்ணு அலறினாள். அப்படி ஓர் அலறலைச் சுகிர்தா எந்த ஆஸ்பத்திரியிலும் கேட்டதில்லை.

ஆலைச் சங்கு ஊதியது.

இரும்புக் கதவு தானாக உருண்டு திறந்தது. அமைதி அறைக் கதவும் திறந்துகொண்டது. வெயில் உள்ளே பாய்ந்தது. ஜெகதீசன் சுகிர்தாவின் கையை உதறினான். ஆனால் நகர இடமில்லை. அரிசிப் பையும் குடமுமாக முகாமே ஓடிவந்துகொண்டிருந்தது. மண்வாளியோடு வந்தவர்கள் வாசலில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"தீ எங்க? எங்க தீ?" என்று யாரோ கத்தினார்கள்.

சுகிர்தா வாயைத் திறக்கவில்லை. சொல்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு செய்யவேண்டிய விஷயம் இல்லை. மாரிக்கண்ணு விம்மிக்கொண்டிருந்தாள். பிறகு சத்யகலா சுவரைவிட்டு ஓரடி முன்னால் வந்தாள். கையை நீட்டி ஜெகதீசனைக் காட்டினாள். "இந்தா நிக்கிறான்" என்றாள்.

கூட்டத்துக்கு உடனே விளங்கவில்லை. பெண்களுக்கு முதலில் விளங்கியது. இரண்டாம் கொட்டகையைச் சேர்ந்த ஒருத்தி குடத்தைத் தரையில் வைத்துவிட்டு, "இங்கேயும் வந்தானா?" என்று கேட்டாள்.

போலீஸ் வந்து அவனைக் கூட்டிப்போனது. பெண் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து, விருப்பப்பட்டவர்களிடம் மட்டும், அவர்கள் விரும்பிய இடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். சத்யகலா சொன்னாள். வேறு சிலரும் சொன்னார்கள். சிலர் சொல்லவில்லை, அவர்களை யாரும் வற்புறுத்தாதபடி சுகிர்தா பக்கத்திலேயே நின்றாள். கிளாராவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். கேரியரை எடுத்துக்கொண்டு நானே வருகிறேன் என்று. இரவு முழுவதும் பதில் வரவில்லை. காலையில் "வாங்க" என்று ஒரு சொல் வந்தது.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிடலாம், மாரிக்கண்ணுவைப் பார்க்காவிட்டால். அவள் ஒரு மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலே தூக்கிவாரிப் போட்டது. வளைகளைப் பெண்கள் திரும்ப வாங்கித் தங்கள் கைகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள்; சுகிர்தாவும் தன்னுடையதைத் திரும்ப மாட்டியிருந்தாள். மாரிக்கண்ணுவின் வளையையும் ஒருத்தி வாங்கிக்கொண்டாள். வெறுங்கைகள் இரண்டும் ஓயாமல் நடுங்கின. பன்னிரண்டு பேரின் பயத்தைத் தாங்கியவளால் தன்னுடையதைத் திரும்ப உள்ளே தள்ளித் தாழிட முடியவில்லை. பெண்கள் முறைபோட்டு அவளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

சுகிர்தா அவளருகே இருந்தபோது நளினாட்சி மேடம் கூப்பிட்டார். குரல் கரகரத்திருந்தது. அழுதிருப்பார் போல. "நான் தூங்கவே இல்ல சுகிர்தா. அவனுக்கு என் கையாலதான் விருது குடுத்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஆனா ஒண்ணு. கடைசியில அவனைப் பிடிச்சுக் குடுத்தது நம்ம வளைதானே? பன்னிரண்டு பொம்பளைங்க பயத்தை அது சரியா கண்டுபிடிச்சிருக்கு."

"பன்னிரண்டு பேர் இல்ல மேடம், ஒருத்தங்க. அந்தப் பன்னிரண்டும் ஒரே கையில..." சுகிர்தா எல்லாவற்றையும் சொன்னாள். யார் வரவேண்டும் என்பதை அந்தந்தப் பெண்ணே சொல்லட்டும், அருகில் இருப்பவன் என்று மெஷின் முடிவு செய்யவேண்டாம் என்றாள். வேண்டாம் என்றால் கழற்றி வைக்கவும் உரிமை வேண்டும் என்றாள். மேடம் குறுக்கிடாமல் கேட்டார்.

"எழுதி அனுப்பு, அடுத்த கூட்டத்துல வைக்கிறேன். அதுக்கு நாளாகும். ஆனா நீ சொன்னதுல உடனே சரிபண்ண வேண்டிய ஓட்டை ஒண்ணு இருக்கு" என்றார். குரலில் பழைய சுறுசுறுப்பு வந்துவிட்டது. "ஒருத்தர் வளையை இன்னொருத்தர் போட்டுக்க முடியுதுன்னா கண்காணிப்புக்கே அர்த்தம் இல்லையே. புது மாடல் ஏற்கெனவே தயாரா இருக்கு. புது வளை சொந்த நாடியை மட்டும்தான் ஏத்துக்கும். மாத்திப் போட்டா உடனே காட்டிக்குடுத்துடும். கொக்கியும் கிடையாது. அடுத்த வாரம் எல்லா முகாமுக்கும் வருது. இனிமே யாரும் ஏமாத்த முடியாது."

சுகிர்தாவின் காதில் அதற்குமேல் எதுவும் விழவில்லை. கொக்கி கிடையாது. எல்லா முகாமுக்கும். கைபேசியை இறக்கியபோது மணிக்கட்டில் வளை சிவந்திருந்தது. பயப்பட வேண்டாம், துணை வருகிறது. கீழே ஓடிய பெயர் அவள் கேள்விப்படாத பெயர். ஜெகதீசனுக்குப் பதிலாக வந்திருப்பவனாக இருக்கும். நல்லவனாகவும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்?

வெளியே சரளைக்கல்லில் செருப்புச் சத்தம் கேட்டது. மாரிக்கண்ணு பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள். நீட்டிய கை நடுங்குவதைப் பார்த்து, தானே இழுத்துக்கொண்டாள்.

"எங்கிட்ட குடுங்க அக்கா" என்றாள் சத்யகலா. "எனக்கு இப்ப படபடப்பு இல்ல."

அவள் சுகிர்தாவின் வளையைக் கழற்றித் தன் வளைக்கு மேலே மாட்டிக்கொண்டாள். கண்ணை மூடாமல், வாசலையே பார்த்துக்கொண்டு, மெதுவாக மூச்சு விட்டாள். சிவப்பு மங்கி மஞ்சளாகி, பிறகு பச்சையானது.

வெளியே செருப்புச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் நின்றபடியே இருந்தது. பிறகு வந்த வழியே திரும்பிப் போனது. யாரென்று ஒருத்தியும் எட்டிப் பார்க்கவில்லை.